ஒரு பாட்டில் வினிகர் வாங்கத் துப்பில்லாதவன்

காதலர் தினத்தன்னைக்கு எனக்கு ஊட்ல குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதாங்க. கொழிஞ்சாம்பாறை கடைவீதிக்குப் போய் வினிகர் வாங்கிட்டு வரணும்.

அவ்வளவுதான். அதுக்கு மேல யாரும் என்கிட்ட எதுவும் எதிர்பாக்கல.

வினிகர் எதுக்குன்னு கேப்பீங்க. எங்க பொண்ணு யாழினி நாலாங்கிளாஸ். இந்த வருசந்தான் ஸ்கூல் மாத்தினோம். மாசக்கணக்காச்சு, இன்னும் ஒரு பிரண்டு கெடையாது. மத்தியானம் பெஞ்சு ஓரத்துல தனியா உக்காந்து சாப்பிட்டுட்டு வர்றா.

ஐடியாவும் அவளேதான் சொன்னா. ஏதோ வீடியோவுல பாத்தாளாம், வெளிநாட்ல வேலன்டைன்ஸ் டே அன்னிக்கு சின்னப் புள்ளைங்க கிளாஸ்ல எல்லாத்துக்கும் ஹார்ட் கார்டு குடுப்பாங்களாம்.

"அப்பா, நம்ம ஊட்ல பார்ட்டி வெக்கலாமாப்பா? கார்டு குடுத்தா எல்லாரும் பிரண்டாயிருவாங்க."

நாலாங்கிளாஸ் புள்ளைங்களுக்குக் காதலர் தினமா! கேரளா பார்டர்ல இருக்கற எங்க ஊரு எருத்தேன்பதில இதைச் சொன்னா என்னைத்தான் ஊரு ஒரு மாதிரி பாக்கும்.

என் மனைவி கவிதாதான் வழி சொன்னா. "ஏனுங்க, சயின்ஸ் பார்ட்டின்னு சொல்லிப்போடலாம். எல்லாமே ஹார்ட் வடிவத்துல சயின்ஸ். படிப்புன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நீங்கதான் கெமிஸ்ட்ரி படிச்சிருக்கீங்களே!"

படிச்சேன்தான். படிச்சுப்போட்டு தென்னந்தோப்பு பாக்கறேன். என்னையக் கெமிஸ்ட்ரிக்காரன்னு ஒருத்தர் சொல்லி எத்தனையோ வருசமாச்சு. நெஞ்சு பூரிச்சுப் போச்சுங்க. கெட்டதே அங்கதான்.

பெரிய ஐட்டம் என்னன்னா, பாட்டில்ல வினிகர் ஊத்தி, ஹார்ட் பலூனுக்குள்ள சோடா உப்பப் போட்டு, பாட்டில் வாயில மாட்டணும். உப்பு உள்ள விழுந்தா பொங்கி வாயு வரும். பலூன் தானா ஊதும். புள்ளைங்க கை தட்டும். யாழினிக்குப் பிரண்டு கெடைக்கும்.

கடைக்காரர் சொன்னார்: "வினிகருங்களா? இருந்ததெல்லாம் காலையிலயே ஊறுகாய் போடறவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. பொள்ளாச்சி போனீங்கன்னா கெடைக்கும்."

பொள்ளாச்சி பஸ் என் கண்ணு முன்னாலதான் நின்னுட்டிருந்துச்சு. ஏறியிருக்கணும்.

அந்த வெயில்ல யாருங்க போறது!

வண்டியத் திருப்பிட்டு தோப்பு வழியா வர்றேன். எங்க தென்னையில கள்ளு எறக்கற மணியண்ணன் மரத்துல இருந்து எறங்கிட்டு இருந்தார். எங்க கேரளாப் பக்கம் லைசென்ஸோட எறக்கிக் கள்ளு ஷாப்புக்குக் குடுக்கறதுதான். தோப்புக்காரர் ஊட்டுக்கு ஆப்ப மாவுல ஊத்தக் கொஞ்சம் குடுக்கறதும் வழக்கந்தான்.

அப்பத்தான் என் மண்டையில கெமிஸ்ட்ரி பொங்குச்சு.

கள்ளு புளிச்சா என்ன ஆகும்? வினிகர் ஆகும். புளிக்கறப்ப என்ன வாயு வரும்? அதே கார்பன் டை ஆக்சைடு. அப்பறம் எதுக்கு வினிகர், எதுக்குப் பொள்ளாச்சி?

நான் கேட்ட அளவப் பாத்து மணியண்ணன் முழிச்சார். "ஏனுங்க, இத்தனையும் ஆப்பத்துக்கா? ஒறம்பரை வர்றாங்களா?"

"ஆமாங்கண்ணா. நெறைய ஒறம்பரை."

காலி ஜூஸ் பாட்டில்கள்ல ஊத்தினேன். வேகமாப் பொங்கட்டும்னு சக்கரை போட்டேன். புளிப்பு ஏறிருச்சான்னு பாக்க ஒரு ஸ்பூன் நாக்குல விட்டேன். ஆராய்ச்சிக்காகத்தாங்க. பொறகு எல்லாத்தையும் கொல்லைப்பக்கம் வெயில்ல வெச்சு, மேல ஒரு சாக்கப் போட்டு மூடிட்டேன்.

கள்ளு பாட்டிலுக்கு மூடிய இறுக்கக் கூடாதுன்னு எங்க ஊர்ல நடக்கப் பழகற குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனா வாசம் வந்தா கவிதா கண்டுபிடிச்சிருவாளே! முறுக்கி முறுக்கி இறுக்கினேன். "பிரஷர் சேந்தா பலூன் இன்னும் வேகமா ஊதும்"னு எனக்கு நானே பாடம் வேற எடுத்துக்கிட்டேன்.

"வினிகர் வாங்கியாச்சுங்களா?"

"ஆச்சு ஆச்சு."

சாயங்காலம் புள்ளைங்க வந்தாங்க. எல்லாம் ரோஸ் கலர் பிராக்கு, வெள்ளைச் சட்டை. ஆதிரான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. அதுதான் கிளாஸ் லீடராம். அது யாரோட பேசுதோ அவங்களோடதான் மத்ததுக எல்லாம் பேசும். யாழினி அது பின்னாலயே தட்டத் தூக்கிட்டு சுத்தறா. எனக்குப் பாவமா இருந்துச்சு.

மொதல்ல எல்லாம் நல்லாத்தான் போச்சு. அட்டையச் சுருட்டி ஒருத்தர் நெஞ்சுல ஒருத்தர் காது வெச்சு இதயத் துடிப்பு கேட்டாங்க. செம்பருத்தித் தண்ணில எலுமிச்சம்பழம் புழிஞ்சா செக்கச்செவேல்னு ஆச்சு. "அங்கிள் சூப்பர்!"னு ஒரு சத்தம். யாழினி என்னையப் பாத்து சிரிச்சா. நான் காலரத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

பாட்டில்கள ஹால்ல கொண்டு வந்து வரிசையா வெச்சேன். பாட்டில் எல்லாம் கல்லு மாதிரி விறைச்சுக் கெடந்துச்சு. அப்பத்தான் கவிதா காதுகிட்ட வந்தா.

"ஏனுங்க, ஆதிராவோட அப்பா யாருன்னு தெரியுமா? எக்சைஸ் ஆபீசர், சாராயம் கடத்தறவங்களப் புடிக்கறவரு. நம்ம பார்டர் செக்போஸ்ட்லதான் டியூட்டியாம். இப்ப வந்துருவாராம், கூட்டிட்டுப் போக."

எனக்கு இதயத் துடிப்பு கேக்க அட்டையே தேவைப்படல.

"குழந்தைங்களா, இந்த ஐட்டம் வேண்டாம், நேராக் கேக் சாப்பிடலாம். யாரும் மூடியத் தொடாதீங்க!"

தொடாதீங்கன்னு சொன்னா புள்ளைங்க என்ன செய்யும்? ஆதிரா மொத ஆளா ஒண்ணத் திருகிருச்சு.

டப்!

கள்ளு நட்டக்குத்தலா மேல போச்சு. மேல என்ன இருக்கு? பேன். புல் ஸ்பீடுல.

பாலக்காட்டுப் பக்கம் பிப்ரவரில பேன் இல்லாம உக்கார முடியாதுங்க. ஹால்ல ஒரு மூலை பாக்கியில்லாம மழை! ரோஸ் பிராக்கு, வெள்ளைச் சட்டை, கேக்கு, மாமனார் போட்டோ, எல்லாத்து மேலயும் இளங்கள்ளு!

புள்ளைங்களுக்கு வந்த சந்தோசத்தப் பாக்கணுமே. "நானும் நானும்!"னு ஆளுக்கொண்ணத் திருகிட்டாங்க. "வாயத் தொறக்காதீங்க! வாயத் தொறக்காதீங்க!"னு நான் கத்திட்டே பேன் சுவிட்சுக்கு ஓடி வழுக்கி விழுந்தேன்.

கவிதா மூக்க உறிஞ்சினா. "ஏனுங்க... இது என்ன வாசம்?"

"சயின்ஸ் வாசம் கவி."

அவ மேல பேசறதுக்குள்ள வாசல்ல ஜீப் சத்தம். காக்கி டிரஸ்ல ஒருத்தர் வந்து நெலப்படியில நின்னார். மூக்கு ஒரு தடவ வலது பக்கம், ஒரு தடவ இடது பக்கம் போச்சு.

"எந்தா இது சாரே?"

"வினிகருங்க."

சொட்டுச் சொட்டா விழுந்துட்டிருந்த பேனைப் பாத்தார். தன் பொண்ணைப் பாத்தார். பிராக்க மோந்தார். பொறகு என்கிட்ட வந்தார்.

"ஒண்ணு ஊதிக்கே."

அந்த ஆராய்ச்சி ஸ்பூன் அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. இத்தனை குழந்தைங்க பாக்க, எம் பொண்ணு பாக்க, நான் ஊதினேங்க.

"சார், ஆப்பத்துக்கு வாங்கினதுங்க..."

"ஆப்பத்தினோ? இத்ர ஆப்பம் ஆரு சாரே கழிக்கும்?"

இத்தனை ஆப்பத்த யாரு திம்பாங்க? நானும் யோசிச்சேன். ஓரக்கண்ணுல யாழினியப் பாத்தா, கண்ணு ரெண்டும் நெறஞ்சு நிக்குது. போச்சு, இனி இவளோட எந்தக் குழந்தை பேசும்? நான் ஜெயிலுக்குப் போனாக்கூடப் பரவால்ல, அவ கார்டெல்லாம் மேசை மேல நனைஞ்சு கெடந்ததத்தான் பாக்க முடியல.

அப்ப ஆதிரா அவங்கப்பாவக் கூப்பிட்டுக் கத்துச்சு: "அச்சா, நோக்கு! நோக்கு!"

கடைசி பாட்டில்ல யாரோ பலூன மாட்டி விட்டிருக்காங்க. அது பாட்டுக்கு நுரை ஏறி ஏறி, மெதுவா, செவப்பா, ஹார்ட் மாதிரியே ஊதிட்டு இருக்கு. சுத்தி எல்லாப் புள்ளைங்களும் மண்டி போட்டு உக்காந்துட்டாங்க. யாழினி கண்ணத் தொடைச்சுட்டு வெளக்கம் குடுக்கறா. "உள்ள ஈஸ்ட் இருக்கு, அது சக்கரையத் திங்குது, வாயு விடுது." ஆப்ப மாவு ஏன் பொங்குதுன்னு நான் என்னைக்கோ சொல்லிக் குடுத்தது!

ஆதிரா அவ தோள்ல கை போட்டுட்டுக் கேக்குது.

ஆபீசரும் குனிஞ்சார். இன்னும் கிட்டக் குனிஞ்சார். "கொள்ளாமல்லோ"ன்னு பாராட்டினார்.

படார்!

நிமிந்தப்ப அவர் மீசையில நுரை. காக்கிச் சட்டை தொப்பறையா நனைஞ்சு போச்சு.

மீசையத் தொடைச்சுக்கிட்டார். மெதுவாக் கேட்டார். "ஞான் இனி டியூட்டிக்கு எங்ஙனெ போகும்?"

ஆதிராதான் மொதல்ல சிரிச்சுச்சு. அப்பறம் எல்லாரும். கடைசியா அவரும். கவிதா ஓடிப்போய் என் தீபாவளிச் சட்டையக் கொண்டு வந்து குடுத்தா. போறப்ப என்னைத் தனியாக் கூப்பிட்டு, இனி இப்படி நடந்தா கேஸ்தான்னு கண்டிச்சுட்டுத்தான் போனார். சட்டை இன்னும் திரும்பி வரல. நானும் கேக்கல.

திங்கக்கிழமை யாழினி ஸ்கூல்ல இருந்து வந்து, அவ பக்கத்துல உக்காரப் புள்ளைங்களுக்குள்ள சண்டைன்னு சொன்னா. சொல்லிட்டு ரெண்டு தோசை சேத்துத் தின்னா. எனக்கு அது போதுமுங்க.

பரீட்சை முடிஞ்சதும் மறுபடியும் சயின்ஸ் பார்ட்டி வெக்கணும்னு ஆதிரா ஆர்டர். வினிகர் பொள்ளாச்சியில இருந்து, பில்லோட வரணும்னு கவிதா ஆர்டர்.

நேத்து போய் வாங்கிட்டு வந்தேன். செக்போஸ்ட்ல அவரே கை காட்டி நிறுத்தினார். பில்லப் பாத்தார். பாட்டில் மூடியத் தொறந்து மோந்து பாத்தார். திருப்தி. சிரிச்சுட்டே மூடிய இறுக்காம லேசா வெச்சு, "இப்படித்தான் வெக்கணும்"னு சைகை காட்டித் திருப்பிக் குடுத்தார்.

ஆபீசர் வெச்ச மூடிய மாத்தி இறுக்க எனக்கு தைரியம் வரல. பைக்குல ஊடு வந்து சேந்தப்ப பாட்டில்ல பாதி வினிகர் இருந்துச்சு, மீதி என் பேன்ட்ல.