கோள் சொன்ன பம்பர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மைத்துனன் சாப்பிட வருகிறான். அதற்குள் காரின் பின்பக்கத்தில் படிந்திருக்கும் கரியை, யாருக்கும் தெரியாமல், தடயமே இல்லாமல் எடுத்துவிடுவது என்று சனிக்கிழமை காலை சபதம் எடுத்தேன்.

மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் காரைத்தான் நலம் விசாரிப்பான். அப்புறம்தான் அக்கா, அதற்கும் அப்புறம்தான் நான். குனிந்து சைலன்சரைப் பார்த்தே, வண்டி ஓடிப் புகை விட்டதா, நின்ற இடத்தில் நின்று புகை விட்டதா என்று சொல்லிவிடுவான்.

என்னுடையது நின்று புகை விட்ட வண்டி. உங்களிடம் சொல்வதற்கென்ன, வெளியே சொல்லிவிடமாட்டீர்கள். ஆபீஸ் முடிந்து வந்ததும் நான் உடனே வீட்டுக்குள் போவதில்லை. காரை ரிவர்ஸில் வாசலுக்குள் ஏற்றி, கண்ணாடியை மூடி, ஏசியைப் போட்டு, சீட்டைச் சாய்த்துக்கொண்டு அரை மணி நேரம் பழைய பாட்டுக் கேட்பேன். அங்கே மேனேஜர் கிடையாது. ஒழுகும் குழாய் கிடையாது. "நான் சொன்னது கேட்டுச்சா, இல்லையா?" என்ற கேள்வி கிடையாது. அந்த அரை மணி நேரம் மட்டும் இல்லாவிட்டால் நான் எப்போதோ சாமியாராகப் போயிருப்பேன். வீட்டில் டிவி அலறும். அதனால் வாசலில் இஞ்சின் ஓடுவது உள்ளே கேட்காது என்பது என் கணக்கு.

பிறகு களைத்த முகத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போவேன்.

"இன்னிக்கும் டிராஃபிக்கா?" என்பாள் மனைவி.

"அதை ஏன் கேக்கற!"

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் டீ வந்துவிடும். சுடச்சுட. புருஷன் வருவது இவள் மனசுக்கு எப்படித்தான் முன்கூட்டியே தெரிகிறதோ என்று தினமும் நெகிழ்ந்து போவேன். இப்படி ஒருத்தியை எனக்குக் கொடுத்த மாமனாருக்கு மனசுக்குள் நன்றி சொல்வேன்.

வெள்ளைக் கார் அல்லவா? பம்பரில், சைலன்சருக்கு மேலே, கரி அப்பியிருந்தது. பேர்தான் சைலன்சர். ஆனால் ஊருக்கே கேட்கும்படி கோள் சொல்லிக்கொண்டிருந்தது. என் ரகசியத்தைப் படம் பிடித்து ஒட்டிய மாதிரி. அதைத்தான் நிஜமான புகைப்படம் என்று சொல்ல வேண்டும்.

பழைய பனியனால் துடைத்தேன். உள்ளங்கை அளவு இருந்த கரி முழங்கை நீளத்துக்கு ஈஷிக்கொண்டது. இன்னும் அழுத்தித் துடைத்தேன். நம்பர் பிளேட் வரைக்கும் சாம்பல் நிறம். வியர்வையைத் துடைத்ததில் என் முகத்திலும் கரி. சமையலறைக்குப் பூனை போலப் போய்ப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து வந்தேன். ஓங்கித் தேய்க்கப் போனேன்.

"என்னங்க பண்றீங்க?"

பின்னால் மனைவி.

"சும்மா... கொஞ்சம் தூசி."

"தூசிக்குக் கம்பி நாரா? கறையோட பெயிண்ட்டும் சேர்ந்து வந்துடும். குடுங்க இப்படி!"

பிடுங்கிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு வாளி, கார் ஷாம்பு, மெத்தென்ற துணி.

"முதல்ல தண்ணி ஊத்துங்க. காய்ஞ்ச கரிய தேய்ச்சா கோடு விழும். ம், இப்ப நுரையப் போடுங்க. ஊறட்டும்."

"ஊறிடுச்சு."

"அவசரப்படாதீங்க. துணிய வட்டமா சுத்தாம ஒரே பக்கமா இழுங்க. அழுக்கானா மடிச்சு வேற பக்கத்தால தொடைங்க."

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"ஒர்க்‌ஷாப்காரனோட அக்கா எதுக்கு இருக்கேன்?"

கரி கரைந்து ஓடியது. மிச்சமிருந்த பழுப்புக்கு அவளே பாலிஷ் போட்டாள். எதனால் இவ்வளவு கரி என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேள்வி கேட்காத மனைவி எத்தனை பேருக்குக் கிடைப்பாள்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஷாம்பு பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

மறுநாள் மைத்துனன் வந்தான். குனிந்தான். பார்த்தான்.

"வண்டிய கண்ணாடி மாதிரி வெச்சிருக்கீங்க மாமா!" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

அன்று ராத்திரி எனக்கு மனசு உறுத்தியது. மானத்தைக் காப்பாற்றியவளை வாசலில் உட்கார்ந்து ஏமாற்றுவதா? இனி அந்த அரை மணி நேரமும் அவளுக்கே என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை வாசலுக்குள் வந்ததும் இஞ்சினை நிறுத்தினேன். நேராக உள்ளே போனேன்.

சோபாவில் மனைவி. கால் இரண்டும் என் முக்காலி மேல். ஒரு கையில் டீ, மறு கையில் ரிமோட். டிவியில் நாடகம். என்னைப் பார்த்ததும் திருடனைப் பார்த்த மாதிரி எழுந்தாள்.

"என்னங்க ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். உனக்காக நேரா உள்ள வந்துட்டேன்."

"யாரு வரச் சொன்னது? அரை மணி நேரம் வண்டிக்குள்ள இருப்பீங்களே!"

கதவைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு... தெரியுமா?"

"தெரியாமலா? இஞ்சின் சத்தம் நின்னா டிவிய அணைச்சுட்டு டீய ஊத்துவேன். பின்ன எப்படி சூடா வருதாம்? இன்னிக்கு வந்த உடனே நிறுத்திட்டீங்க, சத்தமே காதுல விழல."

"அப்போ கரிய கழுவும்போது ஏன் ஒண்ணும் கேக்கல?"

"என் தம்பி கண்ணுல பட்டா, 'வண்டிய நிறுத்தி வெச்சு இஞ்சின ஓட விடாதீங்க மாமா'ன்னு சொல்லியிருப்பான். நீங்களும் பயந்துகிட்டு நேரா உள்ள வந்திருப்பீங்க. அப்புறம் என் அரை மணி நேரம் என்ன ஆகறது? காலையில எழுந்ததுலேருந்து எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதாங்க."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாசலில் நானும் உள்ளே அவளுமாக ஒரே அரை மணி நேரத்துக்கு இத்தனை நாளும் நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். இவளைவிட எனக்குப் பொருத்தமானவள் எங்கே கிடைப்பாள்?

"அப்போ நான் வேணும்னா திரும்பப் போகட்டுமா?" என்றேன்.

"போங்க. ஆனா இஞ்சின் வேண்டாம். தினமும் பம்பர் கழுவ என்னால ஆகாது. கண்ணாடிய இறக்கி விட்டுக்குங்க. நாடகம் முடிஞ்சதும் மிஸ்டு கால் குடுக்கறேன், அப்போ வந்தா போதும்."

இதையெல்லாம் காருக்குள் இருந்துதான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏசி இல்லை. வியர்வை கொட்டுகிறது. பம்பர் மட்டும் பளபளவென்று இருக்கிறது. ஜன்னல் வழியாக அடுத்த நாடகத்தின் பாட்டுக்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

மிஸ்டு கால்தான் இன்னும் வரவில்லை.