வாசகத்துக்குக் காவல் நிற்பவர்

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சங்கம், மன்றம், சபை என்று நாலு பேர் கூடி நாற்காலி போடும் இடமெல்லாம் இவர் இருப்பார். சங்கம் என்ன செய்கிறது என்பது இவருக்குப் பொருட்டே அல்ல. என்ன செய்வதாக எழுதி வைத்திருக்கிறது என்பதுதான் உயிர். சட்டைப் பையில் நாலாக மடித்த விதிமுறைத் தாள், அதில் சிவப்பு மையில் அடிக்கோடு, முகத்தில் யாரோ இப்போதுதான் எதையோ திருடிக்கொண்டு ஓடியதைப் போன்ற பதற்றம். இவர்தான் வாசகக் காவலர்.

எனக்குத் தெரிந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் இருபத்திரண்டு ஆண்டாக நிர்வாகக் குழு உறுப்பினர். சங்கத்துக்கு ஒரு பந்தாட்ட மைதானம், ஒரு படிப்பகம், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் தங்க இரண்டு மாடி விடுதி. விடுதித் துணைக்குழுவுக்கு இவர்தான் தலைவர். ஆனால் விடுதி மாடிப்படியில் இவர் கால் வைத்ததை யாரும் பார்த்ததில்லை. மூட்டு வலியாம். மேடைப்படி ஏறும்போது மட்டும் அந்த மூட்டு எப்படியோ சமாதானமாகிவிடும்.

புதிதாக வந்த செயலாளர் ஒரு கல்லூரி விரிவுரையாளர். சங்கத்தின் லட்சிய வாசகத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் தாளை நீட்டினார். பழைய வாசகம், 'கிறிஸ்துவின் அன்பால் உந்தப்பட்டு, இளைஞரின் உடல், மனம், ஆவி மூன்றையும் வளர்ப்பது' என்று இருந்தது. புதியது, 'உயர்ந்த விழுமியங்களின் அடிப்படையில் இளைஞரின் முழுமையான மேம்பாட்டுக்குப் பங்களிப்பது.' வாசித்தால் பள்ளிக்கூட விளம்பரமா, சத்துமாவு விளம்பரமா என்று சொல்ல முடியாது. யாருக்கும் வலிக்காமல் எழுத ஆரம்பித்து யாருக்கும் பொருளே இல்லாமல் முடிக்கிற கலை அது.

ஆகவே கண்ணாடிக் கடைக்காரர் எதிர்த்ததில் தப்பே இல்லை. நானும் அவர் பக்கம்தான். "ஒரே ஒரு விளக்கம் தலைவரே" என்று எழுந்தார். இந்த இனம் ஒரே ஒரு விளக்கத்துக்கு மேல் கேட்டதே இல்லை. அந்த ஒன்று ஐம்பது நிமிடம் ஓடும். சங்கத்தைத் தொடங்கியவர்களின் தியாகம், கட்டடத்துக்கு முதல் கல் வைத்த நாள், அன்று பெய்த மழை, அந்த மழையில் தன் தகப்பனார் குடை பிடித்தது என்று வந்து, "கிறிஸ்துங்கிற இந்த ஒரு வார்த்தை போச்சுன்னா நாம யாரு? சொல்லுங்க, நாம யாரு?" என்று குரல் உடைந்தபோது, எங்களில் பாதிப் பேருக்கு நாம் யார் என்பது உண்மையிலேயே மறந்துபோயிருந்தது.

அன்றைய நிகழ்ச்சி நிரலில் இது இரண்டாவது. ஏழாவதாக, விடுதிக் காப்பாளர் அம்மாவின் விண்ணப்பம் ஒன்று இருந்தது. பதினாலாம் அறையில் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிற ஒருவன், சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தான். ஒரு மாதத்துக்கு மேல் வேலைக்குப் போகாதவர் அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது விடுதி விதி. அவனுக்கோ எழுந்து நடக்கவே நாலு மாதம் ஆகும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நடக்கிற வரை இருக்கட்டும் என்று குழு தலையசைத்தால் போதும்.

ஏழாவதுக்கு நாங்கள் போய்ச் சேரவே இல்லை.

பதினைந்து நாள் கழித்து அடுத்த கூட்டம். 'உந்தப்பட்டு' என்பதை எடுத்துவிட்டு 'அன்பில்' என்று மட்டும் வைக்கலாமே என்று யாரோ சமாதானத்துக்கு ஒரு வழி சொல்லப்போக, அது இன்னொரு போரானது. நடுவில் காப்பாளர் அம்மா எழுந்து நின்றார்.

"சார், அந்தத் தம்பி விஷயம்..."

"இருங்கம்மா. சங்கத்தோட அஸ்திவாரத்தையே பேர்த்து எடுக்குறாங்க, நீங்க ரூமு ரூமுன்னு!"

"ரெண்டு நிமிஷந்தான் சார்."

"ரெண்டு நிமிஷத்துலதாம்மா எல்லாமே பறிபோகுது!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது கூட்டத்தில் வாக்கெடுப்பு. பதினொன்றுக்கு நாலு. பழைய வாசகம் ஓர் எழுத்துக் குறையாமல் பிழைத்தது. கண்ணாடிக் கடைக்காரர் அழுதேவிட்டார். நடிப்பு இல்லை, நிஜக் கண்ணீர். நன்றி ஜெபம் செய்து, கேக் வெட்டி, வாசகத்தைப் பித்தளை எழுத்தில் வாசலில் பதிப்பது என்று இன்னொரு தீர்மானமும் போட்டுக் கலைந்தோம். காப்பாளர் அம்மா கேக்கைத் தொடவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

இதற்கிடையில் ஒரு மாதக் கெடு முடிந்துவிட்டது. பதினாலாம் அறையைக் காலி செய்யச் சொல்லும் கடிதம், வழக்கம்போலத் தட்டச்சாகி, கையெழுத்துக்காக அவர் கடைக்குப் போனது. யாருக்கோ கண்ணாடிச் சட்டம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், படிக்காமலே போட்டுக் கொடுத்தார். இத்தனைக்கும் கண்ணாடிக் கடை!

நாலாவது கூட்டத்துக்கு வந்து கமிட்டி அறைக் கதவைத் திறந்தோம். நீள மேசையைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். நடுவில் ஒரு கட்டில். கட்டிலில் டைல்ஸ்காரன், இரண்டு தலையணைமேல் மாவுக்கட்டுக் காலோடு. பக்கத்தில் காப்பாளர் அம்மா.

"என்னம்மா கூத்து இது?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"பதினாலாம் ரூமைக் காலி பண்ணச் சொல்லி லெட்டர் வந்துச்சு சார். பண்ணிட்டோம். இந்த ரூமுக்கு நம்பரே கிடையாது. லெட்டர் இதுக்குச் செல்லாது."

"எவன் அப்படி லெட்டர் போட்டான்?"

அம்மா நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கையெழுத்து வரை வந்து நின்றார்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா!"

"மூணு கூட்டமா சொன்னேன் சார். நீங்க வேற ஒரு வார்த்தையில இருந்தீங்க."

கட்டிலில் கிடந்தவன் முழங்கையை ஊன்றி எழ முயன்றான். "சார், நான் உங்க மதம் இல்ல. அதனாலதான் சங்கடம்னா சொல்லிருங்க. எங்கயாவது பாத்துக்கறேன்."

எங்கே பார்த்துக்கொள்வான்? காப்பாளர் அம்மாதான் அவனைப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பினார்.

"வாசகத்துலேருந்து கிறிஸ்து பேரை எடுத்துடக் கூடாதுன்னு நானும்தான் தினம் வேண்டிக்கிட்டேன் சார். எடுத்துட்டா, எந்த உரிமையில உங்ககிட்ட வந்து நிக்கிறது? நீங்க அவர் பேரை வெச்சிருக்கீங்க. அதனாலதான் கேக்குறேன்."

விண்ணப்பம் நாலே நிமிடத்தில் நிறைவேறியது. செயலாளரும் கை தூக்கினார், நானும் தூக்கினேன். கண்ணாடிக் கடைக்காரர் தூக்கிய கையை இறக்கவே இல்லை. மனம் கரைந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஒரே ஒரு திருத்தம் தலைவரே. 'கிறிஸ்தவ அன்பின் அடிப்படையில், துணைக்குழுத் தலைவரின் பெருமுயற்சியால்'னு நடவடிக்கைக் குறிப்புல சேர்த்துக்கணும்."

சேர்த்துக்கொண்டோம். பிறகு 'பெருமுயற்சி'யா 'அருமுயற்சி'யா என்று அரை மணி நேரம் பேசினோம். டைல்ஸ்காரன் நடுவிலேயே தூங்கிவிட்டான்.

சிரிக்கிறீர்களா? நல்லது. அந்த ஆளைப் போலவே ஒருவர் உங்கள் சபையில், உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார், அவருக்கு இதை அனுப்பலாம் என்றுகூட யோசித்திருப்பீர்கள். அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி. அந்த டைல்ஸ்காரன் கால் சேர்ந்ததா என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றியதா? இல்லை, 'கிறிஸ்தவ' என்பதில் 'ஸ்' வரலாமா, 'கிறித்தவ' என்றல்லவா எழுத வேண்டும் என்று ஆசிரியருக்குக் கடிதம் போடப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தீர்களா?

கால் சேர்ந்துவிட்டது. பேனாவை மூடுங்கள்.