குளத்துக்கு அளவெடுத்த கதை

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, அநேக வணக்கங்கள்.

இங்கு நானும் என் மனைவியும் தங்கள் ஏழு தங்கமீன்களும் சௌக்கியம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும், என் மகளும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருக்க வேண்டும். தாங்கள் 'பெரியவர்' என்று அழைக்கும் அந்தக் கிழட்டு மீன் வேளை தவறாமல் சாப்பிடுகிறது. என்னைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

நிற்க. தாங்கள் மாடி வீட்டுக்குக் குடிபோனபோது, மீன்களை என்னிடம் விடுங்கள், தோட்டத்தில் குளமே வெட்டிவிடுகிறேன் என்று நான் வீரமாகச் சொன்னது உண்மை. அவை இன்னும் எங்கள் குளியல் தொட்டியில்தான் இருக்கின்றன என்பதும் உண்மை. நாங்கள் துண்டும் சோப்புமாகப் பக்கத்து வீட்டு வக்கீலிடம் போய்க் குளித்துவிட்டு வருகிறோம். அவர் நல்லவர்தான். ஆனால் நான் தலைக்குச் சோப்புப் போட்டிருக்கும் நேரமாகப் பார்த்து, கதவுக்கு வெளியே நின்று தன் வழக்குகளைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். கண்ணைத் திறக்க முடியாத மனிதன் எங்கே ஓடுவான்? சனிக்கிழமை தாங்கள் வருவதாக மாப்பிள்ளை சொன்னார். அதற்குமுன் நடந்ததெல்லாம் தங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

குழி வெட்டியதில் ஒரு சிக்கலும் இல்லை. தண்ணீர் மண்ணில் இறங்காமலிருக்க அதற்குள் விரிக்கும் ஷீட்டை வாங்கப் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கடைக்காரர் நீலத்தில் மெல்லிய பிளாஸ்டிக், கறுப்பில் தடித்த ரப்பர் இரண்டையும் எடுத்துப் போட்டார். ஆயுள் முழுக்கத் துணியைத் தொட்டே பிழைத்த தையல்காரன் நான், வெறும் கண்ணால் பார்த்து வாங்குவேனா? விரலால் கசக்கினேன், குறுக்கே இழுத்தேன், தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி எங்கே என்று தேடினேன்.

"சாயம் போகுமா?" என்றேன்.

"ஐயா, இது குளத்துக்குப் போடறது."

"நனைஞ்சா சுருங்குமா?"

"நனையறதுக்குத்தான் ஐயா இதை வாங்கறாங்க."

என் மனைவி, "நீலமே எடுங்க, வானம் மாதிரி இருக்கும்" என்றாள். ஆரஞ்சு உடம்புக்கு நீலம் எடுக்காது, கறுப்புதான் எடுப்பாக இருக்கும் என்று விளக்கினேன். "மீனுக்குக் கல்யாணமா பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். கறுப்பு ரப்பரையே எடுத்தேன். அந்தத் தேர்வில் இன்றைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது.

கடைக்காரர் வாசல்வரை வந்து, "வளைவுல மடிப்பு மடிப்பா நிக்கும், அப்படியே விட்டுடுங்க, தண்ணி பாரத்துல படிஞ்சிடும்" என்றார். சம்பந்தி, மடிப்போடு ஓர் உருப்படியை நான் கையை விட்டு அனுப்பியது உண்டா? மாப்பிள்ளைக்கு நான் தைத்த கல்யாணக் கோட்டில் கை கொஞ்சம் குட்டை என்று தாங்கள் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. குளத்தைப் பார்த்து யாரும் வாய் திறக்கக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

குழி நடுவில் இடுப்பு ஒடுங்கியது. நெஞ்சளவு, இடுப்பளவு, உயரம் எல்லாம் எடுத்தேன். ஷீட்டை விரித்தால் இடுப்பில் கொசகொசவென்று சேர்ந்து நின்றது, பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டுக்குள் எடுத்து வந்து, மெஷினில் தடித்த ஊசியை மாட்டி, இடுப்பில் பிடித்து இரட்டைத் தையல் போட்டேன். மறுபடி விரித்ததும் உடம்போடு ஒட்டி உட்கார்ந்தது பாருங்கள், கண்ணே பட்டுவிடும். தண்ணீர் விட்டோம். காலையில் தண்ணீர் குளத்தில் இல்லை, வக்கீலின் ரோஜாப் பாத்தியில் இருந்தது. ஊசி போன இடமெல்லாம் ஓட்டை என்பது ஊசி பிடித்தே கிழவனானவனுக்கு அப்போதுதான் உறைத்தது. துணியில் அது ஒரு குறையா, சொல்லுங்கள்? சட்டைக்குள் யார் தண்ணீர் நிரப்புகிறார்கள்? வக்கீல் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "நோட்டீஸ் தபால்ல அனுப்பட்டுமா, நேர்லயே குடுக்கட்டுமா?" என்றார். அன்று நான் குளிக்கப் போகவில்லை.

ஆனால் விடவில்லை. தையல் மேல் மெழுகுவத்தியைத் தேய்த்து, அதன்மேல் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் பசையைப் பூசினேன். மறுபடி நிரப்பி, கரைக் கல்லில் நீர்மட்டத்தை ஒட்டி என் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் பார்க்கிறேன், தண்ணீர் கோட்டை விட்டு இறங்கவில்லை. இந்த வெயிலிலும்! ஒருநாள் கோட்டுக்கு மேலேயே இருந்தது. என் மனைவிக்கு மட்டும் ஏனோ இதில் உற்சாகமில்லை. "மீனு இன்னும் ரெண்டு நாள் தொட்டியிலேயே இருக்கட்டுமே" என்கிறாள். அதெல்லாம் முடியாது. சனிக்கிழமை தாங்களே தங்கள் கையால் பெரியவரைக் குளத்தில் இறக்க வேண்டும். அப்படியே தையலையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க விடியும் முன்னே எழுந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், என் மனைவி ரப்பர் குழாயோடு குளக்கரையில் குனிந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள். சாக்கட்டிக் கோடு வந்ததும் நிறுத்தினாள். குழாயைச் சுருட்டி எடுத்த இடத்திலேயே வைத்தாள். தினமும் செய்கிற கை என்பது பார்த்தாலே தெரிந்தது. குளத்தைப் பார்த்துவிட்டு நான் சிரித்த முகமாகக் காப்பி குடிக்க வருவேன், அதற்காகத்தான் போலிருக்கிறது. சத்தமில்லாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் அவளே வந்து, "எழுந்திருங்க, குளத்தைப் பாக்கலையா?" என்று எழுப்பினாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு சொட்டு இறங்கல" என்றேன்.

ஆகையால் பெரியவரை இறக்க வேண்டாம். தாங்கள் அவசியம் வாருங்கள். வரும்போது கறுப்பு ரப்பர் ஷீட் ஒன்று, தாராளமான அளவில் வாங்கி வாருங்கள். மடிப்பு இருந்தால் இருக்கட்டும், நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன். குளத்தைப் பார்த்ததும், தையல் சரியில்லை என்று அவள் முன்னால் தாங்களே சத்தமாகச் சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். வேண்டுமானால் மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டுக் கையைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த ஒரு தடவை பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறேன்.