மூன்று நிமிட மாளிகையின் வெளிவாசலில் அளவுநாடா அண்ணன் பொருத காதை

கேளீர், கேளீர், காத்திருப்போர் குலத்தில் பிறந்தவர்களே. ஊசிமுனை பிசகாதவனும், ஒருமுறை கண்ட இடுப்பின் சுற்றளவை உறக்கத்திலும் உரைக்க வல்லவனும், மஞ்சள்நாடாவை மலர்மாலையெனக் கழுத்திலணிந்து குளிக்கும் நேரம் நீங்கலாக எந்நேரமும் கழற்றாதவனும், தெருவார் அனைவராலும் அளவுநாடா அண்ணன் என்று விளிக்கப்படுபவனுமாகிய தையல்வேந்தனின் வீரத்தைச் சொல்லப் புகுந்தேன். வரிசை என்னும் பெருந்தேவியே, நீண்டவளே, நெளிந்தவளே, நகரா நாயகியே, என் நாவில் வந்து நில். அங்கே நிற்பது போல இங்கேயும் ஒரேயடியாக நின்றுவிடாதே தாயே, கதை நகர வேண்டும்.

வேந்தன் போருக்கெழுந்த காரணம் இது. அவனுடைய ஒரே மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். எடுத்து விரித்துப் பார்த்தால், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு எந்தப் புண்ணியவானோ மகளின் பிறந்தநாள் கட்டத்தில் தகப்பனின் பிறந்தநாளை எழுதி வைத்திருக்கிறான். அரசப் பதிவேட்டின்படி தந்தையும் மகளும் ஒரே ஆண்டில், ஒரே திங்களில், ஒரே நாளில் இம்மண்ணில் உதித்தவர்கள். "இத்தன வருஷமா இத ஒருத்தர் கூடவா பாக்கல?" என்று வீட்டுக்காரி கேட்டாள். பார்த்திருக்க வேண்டிய ஒருவர் அப்போது தையல் மிஷினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

மனுப் போட்டு, மாதம் ஒன்று நடையாய் நடந்து, திருத்திய சான்றிதழ் தயார் என்ற செய்தி நேற்று மாலைதான் ஃபோனில் வந்தது. கல்லூரிச் சேர்க்கையோ இன்று பகல் இரண்டு மணியோடு முடிகிறது. மற்றத் தாள்களையெல்லாம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகள் காலையிலேயே கல்லூரிக்குப் போய்விட்டாள். இரண்டு மணிக்குள் சான்றிதழ் போய்ச் சேர்ந்தால் இடம் அவளுக்கு. சேராவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்கும் பெண்ணுக்கு.

இனி வேந்தன் முற்றுகையிட்ட கோட்டையின் பெருமை கேளுங்கள். புதுமைக்கும் சேவை மேம்பாட்டுக்குமான பொதுத்துறை விருதை ஈராண்டு தொடர்ந்து வென்ற பதிவு அலுவலகம் அது. கண்ணாடிக் கதவு பளபளக்க, கதவுக்குமேல் 'மூன்றே நிமிடத்தில் சேவை' என்னும் பதாகை படபடக்க, உள்ளே டோக்கன் இயந்திரம் என்னும் மாயப்பெட்டி பச்சைக்கண் சிமிட்ட, எந்நாளும் வெற்றித்திருமகள் குடியிருக்கும் மாளிகை. ஒருவர் டோக்கன் எடுத்த கணத்தில் பெட்டியின் கடிகாரம் ஓடத் தொடங்கும். கவுன்ட்டரில் முத்திரை விழுந்த கணத்தில் நிற்கும். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் அந்தப் பாவம் ஆண்டறிக்கையில் அழியாமல் பதியும். ஈராண்டாக ஒரு தரம்கூடத் தாண்டியதில்லை. எப்படி என்றால், கவுன்ட்டர் காலியாகும்வரை ஒருவரையும் டோக்கன் எடுக்க விடுவதில்லை.

அதற்கென்றே வாயிலில் ஒரு காவலாளி நின்றான். மீசை கறுத்தவன், விசில் தரித்தவன், ஒரு கண்ணைக் கவுன்ட்டர் விளக்கிலும் மறுகண்ணைக் கதவின் கைப்பிடியிலும் பதித்தவன். ஒருவர் வெளியே வந்தால் ஒருவர் உள்ளே. மற்ற மாந்தரெல்லாம் மதிற்சுவரை ஒட்டி, முனை திரும்பி, ஜெராக்ஸ் கடையைக் கடந்து, சைக்கிள் கடை வாசலில் வால் சுருட்டி நின்றார்கள். அவர்கள் காத்திருப்பவர்கள் அல்லர். டோக்கன் எடுக்காதவர்கள் எப்படிக் காத்திருப்பவர்கள் ஆவார்கள்?

காலை ஏழரைக்கு அண்ணன் அந்த வாலில் போய் ஒட்டிக்கொண்டான். தையல்கண்ணால் வரிசையை ஒருமுறை அளந்தான்: ஆளுக்கு முக்கால் கஜம், மொத்தம் நாற்பத்தைந்து கஜம், இடையில் இரண்டு சுருக்கம். பதினொன்றுக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டான். ஜாக்கெட் அளவில் ஒருநாளும் தப்பாத அந்தக் கணக்கு அன்று தப்பியது.

வெயில் ஏறியது. பகைவரும் தோன்றினர். அவருள் தலையாயவன் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிய ஒரு வீரன். வரிசை பிளக்கும் போரில் எதிர்ப்பாரற்ற படைக்கலமாம் 'ஒரு சந்தேகம் மட்டும்' என்பதைச் சுழற்றிக்கொண்டு அண்ணனுக்கு முன்னே படைக்குள் புகுந்தவன்.

"ஒரே ஒரு சந்தேகம்ணே, கேட்டுட்டு ஓடிடுவேன்," என்றான்.

"எனக்கும் சந்தேகம்தான் தம்பி. ஏழரைக்கே வந்துடுச்சு. அதுக்குப் பின்னாடி நின்னு கேளுங்க," என்றான் அண்ணன்.

முன்னும் பின்னும் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஹெல்மெட் வீரன் சைக்கிள் கடைப்பக்கம் நடையைக் கட்டினான்.

பதினொன்றரைக்கு ஃபோன் ஒலித்தது. மகள்தான். "அப்பா, எனக்கு அடுத்து இருக்கற பொண்ணு அவங்க மாமாவக் கூட்டிட்டு வந்து எதிர்லயே உக்காந்திருக்காப்பா. என்னையே பாத்துக்கிட்டிருக்கா."

"நீ அவளப் பாக்காதம்மா. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

சொல்லிவிட்டான். இரவெல்லாம் விழித்துப் படித்த பிள்ளை. ஊரார் உடம்பையெல்லாம் சரியாக அளந்தவன், பெற்ற பெண்ணின் ஒரு தாளைச் சரிபார்க்காமல் விட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பன்னிரண்டே முக்காலுக்கு, தடையெல்லாம் கடந்து, தகையெலாம் இழந்து, வியர்வைமழையில் நனைந்த தையல்வேந்தன் கண்ணாடிக் கதவில் மூக்கு முட்ட நின்றான். அடுத்த ஆள் அவனே. அந்நேரம் பார்த்துக் காவலாளி கதவை அடைத்து, கைகளை விரித்து, பிரகடனம் செய்தான்.

"விருதுக் குழு வருது. ஹால் காலியா இருக்கணும்னு ஆர்டர். அவங்க போறவரைக்கும் யாரும் உள்ள வராதீங்க."

வரிசை முழுதும் ஒரு பெருமூச்சு ஓடி, முனை திரும்பி, ஜெராக்ஸ் கடைவரை போய் அடங்கிற்று. அண்ணனுக்குக் கண் இருட்டியது. ஆயினும் பட்டுச்சேலையைத் தப்பாக வெட்டிவிட்ட நாட்களில் வாடிக்கைக்காரி முன் நின்று பழகிய நெஞ்சம் அல்லவா, சட்டென்று தெளிந்து, குரலைத் தாழ்த்தி, காவலாளியின் காதருகே மொழிந்தான்.

"ஹால் காலியா இருந்தா சேவைய யாருக்குச் செஞ்சு காட்டுவீங்க? ஒருத்தராவது வேணும்ல."

காவலாளி யோசித்தான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான், மீசையைத் தடவினான். மேலதிகாரிக்கே தோன்றாத ஒன்று தனக்கு எட்டியதில் அவன் முகம் மலர்ந்தது. கதவு திறந்தது.

பெட்டி ஒரு துண்டுக் காகிதத்தைத் துப்பியது. எண் அறுபத்தொன்று. கடிகாரம் ஓடத் தொடங்கியது. குளிர்காற்று வீசும் கூடத்தில் உறை பிரிக்காத நாற்காலிகள் முப்பது, ஒருவரும் உட்காராத பெருமையோடு வரிசையாக நின்றன. "அறுபத்தொண்ணு," என்று கவுன்ட்டர் அம்மாள் அழைத்தாள். பேரைக் கேட்டாள், கட்டைப் பிரித்தாள், சான்றிதழை உருவினாள். அண்ணன் குனிந்து தேதியைப் பார்த்தான். மகள் மகளாகவே பிறந்திருந்தாள். அம்மாள் முத்திரையை மையில் ஒற்றி ஓங்கினாள்.

அக்கணம் விருதுக் குழுவினர் மூவர் நுழைந்தனர். அவர்களில் படிவம் ஏந்திய மூக்குக்கண்ணாடிக்காரர் நேரே அண்ணனிடம் வந்தார்.

"ஐயா, எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?"

ஓங்கிய முத்திரை அந்தரத்தில் நின்றது. குழுவுக்குப் பின்னால் நின்ற மேலதிகாரி புன்னகையோடு இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு என்று சொன்னால் முத்திரை விழும், ஓடலாம், மகள் முகத்தைப் பார்க்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் எதிரே கண்ணாடிக் கதவில் நெற்றிகள் தெரிந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக, ஏழரையிலிருந்து அவனோடு நின்ற நெற்றிகள். பயமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"உள்ள ரெண்டு நிமிஷங்க. வெளிய அஞ்சு மணி நேரம்."

மேலதிகாரியின் விரல்கள் மடங்கின. அவர் கவுன்ட்டர் அம்மாளைப் பார்த்த பார்வையில், அந்த முத்திரை இன்று இறங்கவேண்டியதில்லை என்ற ஆணை எழுதாமலே எழுதியிருந்தது. அம்மாளின் கை தாழ்ந்தது. அண்ணனின் உயிர் அந்தக் கையோடு போயிற்று.

ஆனால் அவள் தலைக்குமேல் பெட்டிக் கடிகாரத்தின் செந்நிற எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு நிமிடம் நாற்பது. ஈராண்டு அழியாப் புகழும், சட்டமிட்டு மாட்டிய இரு பட்டயங்களும், மூன்றாவதற்கு அடித்து வைத்த ஆணியும் அந்த எண்களில் தொங்கின. இரண்டு நாற்பத்தெட்டு. அம்மாள் அதிகாரியைப் பார்த்தாள், அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஐம்பத்து மூன்று. அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு சரியென்று தலையை ஆட்டினார். இரண்டு ஐம்பத்தேழில், அண்டம் அதிர, மேசை நடுங்க, பேனாக்கள் உருள, முத்திரை விழுந்தது.

மூக்குக்கண்ணாடிக்காரர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளியன்னு இதுல கட்டமே இல்லீங்களே," என்றார் உண்மையான வருத்தத்தோடு. கட்டத்தில் இரண்டு என்று எழுதினார். பிறகு கதவிலிருந்த நெற்றிகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ கிறுக்கினார். அண்ணன் அதைப் பார்க்க நிற்கவில்லை. சான்றிதழ் கசங்காமல் சட்டைக்குள் செருகி, நாடா இரு தோளிலும் பறக்க, பேருந்தின் படியில் தொற்றிக்கொண்டு, கல்லூரிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி, இரண்டு மணிக்கு ஆறு நிமிடம் இருக்க மகளின் கையில் சேர்த்தான். எதிரே இருந்த பெண்ணின் மாமா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பெண்ணை அண்ணனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஏம்ப்பா இவ்வளவு நேரம்? அழுகையே வந்துடுச்சு."

"கொஞ்சம் கூட்டம்மா."

இவ்வாறு தையல்வேந்தன் பொருது வென்ற அவ்வாண்டிலேயே, மும்முறை வென்ற முதற்பெரும் மாளிகை என்னும் விருதோடு, பொதுமக்கள் கருத்தைக் கேட்டறிந்து சேவையை மேம்படுத்தியமைக்கான சிறப்புப் பட்டயமும், மேளம் முழங்க, மேடை குலுங்க, அந்த அலுவலகத்துக்கே வழங்கப்பட்டது.

இப்போது வாசலில் உட்கார இரண்டு பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.