சின்னத் திருத்தம்தான்!

எந்த மென்பொருள் அலுவலகத்தில் நுழைந்தாலும் ஜன்னல் ஓரத்தில் ஒருவரைப் பார்க்கலாம். பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, நான் அவரைப் பிரதியப்பர் என்கிறேன். பத்துப் பேர் சேர்ந்து எழுதும் நிரலை ஒரே இடத்தில் வைத்து, யார் எப்போது எதை மாற்றினார் என்று வரிக்கு வரி பதிந்துகொள்ளும் ஏற்பாடு வந்து எத்தனையோ வருஷமாகிறது. இவருக்கு மட்டும் அதன்மேல் நம்பிக்கை வரவில்லை.

"மெஷினை நம்பலாமா? நம்ம கையில ஒண்ணு இருக்கணும்ல?" என்பார்.

ஆகவே அவருடைய திரையில் 'கடைசி' என்றொரு ஃபோல்டர், பக்கத்திலேயே 'கடைசி புதுசு', அதற்கும் கீழே 'இதுதான் கடைசி', அதையும் தாண்டி 'தொடாதே', போதாக்குறைக்கு மேசை டிராயரில் ரப்பர் பேண்டு போட்ட நான்கு பென்டிரைவ். இதில் எதுதான் கடைசி? அவருக்கே வெளிச்சம்.

பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்தார். பொது நிரலைத் தொடாமல் அதிலிருந்து பிரித்தெடுத்த தனிக் கிளையில் வேலை செய்யுங்கள், இன்னொருவர் பார்த்த பிறகு பொதுவில் சேர்த்துவிடுங்கள், என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள் என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டார். எதை மாற்றினாலும் 'சின்னத் திருத்தம்' என்று எழுதுவார்.

அப்படித்தான் எங்கள் அலுவலகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு வாடிக்கையாளர் வருகிறார். புதிதாகச் சேர்ந்த பெண் மூன்று வாரம் உயிரைக் கொடுத்து எழுதிய முன்பதிவுப் பக்கத்தைக் காட்ட வேண்டும். அவள் வேலை நிரந்தரமாவதே அதைப் பொறுத்துத்தான். இரண்டரைக்கு நம்மவருக்கு ஒரு தலைப்பின் நிறத்தை மாற்ற ஆசை வந்தது. நல்ல ஆசைதான். 'இதுதான் கடைசி'யைத் திறந்து நிறத்தை மாற்றி, அந்த ஃபோல்டரை அப்படியே பொது நிரலின் தலையில் கவிழ்த்து, அனுப்பியும் விட்டார். அதுவோ ஒரு மாதம் பழசு.

முன்பதிவுப் பக்கம் காணோம்.

"சார், என்ன பண்ணீங்க?" அவள் அவர் மேசைக்கே ஓடி வந்தாள்.

"நானா? சின்னத் திருத்தம்தாம்மா. உன் மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும்."

"உங்க பேரும் நேரமும் பதிவுலயே இருக்கு, சார்."

மனிதர் டிராயரைத் திறந்து பென்டிரைவ்களை ஒவ்வொன்றாகச் செருகினார். நான்கிலும் அவர் எழுதியது மட்டுமே இருந்தது. அவள் எழுதியது எப்படி இருக்கும்? அவர் என்றைக்கு அடுத்தவர் வேலையைப் பத்திரப்படுத்தினார்?

அவள் அதற்குள் பதிவுகளைப் பார்த்து, அவர் கைவைப்பதற்கு முந்தைய நிலையைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு கட்டளையைத் தட்டினாள். பக்கம் திரும்பி வந்தது. மணி இரண்டு ஐம்பது. பக்கத்து மேசையில் இருந்த எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது.

"அப்பாடா! எதுக்கும் இதை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிறேன்" என்று பிரதியப்பர் ஐந்தாவது பென்டிரைவைத் தேடினார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் திரையில் 'இதுதான் கடைசி' இருக்கிறதா என்று நான் கேட்க மாட்டேன். அது உங்கள் சொந்த விஷயம். ஆனால் அடுத்த முறை 'சின்னத் திருத்தம்' என்று எழுதிவிட்டு அனுப்பப்போகும்போது, எதிர் மேசையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மூன்று வாரமாக எதையோ எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர், கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு, உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.