நெட்டுக்குப்பம் பவளத்தீவு

உலகில் வேறெந்த நாட்டுக்கும் கிடைக்காத பாக்கியம் நம் நாட்டுக்குக் கிடைத்திருக்கிறது. மற்ற நாட்டுப் பவளத்தீவுகள் நடுக்கடலில் அநாதையாகக் கிடக்கின்றன. போய்ச் சேரக் கப்பல் வேண்டும், விமானம் வேண்டும். நம்முடைய பவளத்தீவோ எண்ணூர் முகத்துவாரத்தில், நெட்டுக்குப்பத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. அதில் பவளம் மட்டும்தான் இல்லை. அது ஒரு குறையா?

மற்ற தீவுகளைப் பவளப்பூச்சிகள் பல்லாயிரம் ஆண்டுகள் மெனக்கெட்டுக் கட்டின. இதை ஒரு குழாய் பன்னிரண்டே வருடத்தில் கட்டி முடித்துவிட்டது. அனல் மின் நிலையத்துச் சாம்பலைக் கரைத்துக் கொண்டுபோகும் குழாய் அது. ஆற்றின் நடுவே உடைந்து, சாம்பலை வட்டமாகக் கக்கியது. வட்டத்துக்குள் தண்ணீர் குளம்போல் தேங்கியது, விளிம்பில் சிப்பி ஒட்டிக்கொண்டது. டெல்லியில் ‘தொலைதூரப் பவளத்தீவுகள் ஆணையம்’ என்று ஒன்று உண்டு. அங்கே செயற்கைக்கோள் படத்தைப் புரட்டிக்கொண்டிருந்த புண்ணியவான் ஒருவர் இதைக் ‘கண்டுபிடித்தார்’.

நெட்டுக்குப்பத்து மீனவர் கருணாகரனுக்கு இந்தப் பெருமை எதுவும் தெரியாது. அவருக்கு அது சாம்பல் திட்டு. அதை அள்ளச் சொல்லி அதுவரை ஒன்பது மனு கொடுத்திருந்தார். ஆற்றில் ஏழு இடங்களில் வலை கட்டிய ஊர் அது. ஆறு இடங்களைச் சாம்பல் மூடிவிட்டது. திட்டுக்கு நடுவில் இருந்த குளம்தான் மிச்சம். இறால் இன்னும் அங்கே வந்துகொண்டிருந்தது. அந்த ஒரு குளத்தை நம்பி நாற்பது அடுப்புகள் எரிந்தன.

நாற்பது குடும்பமும் ஒரே நாளில் இறங்கினால் வெட்டுக்குத்துதான். அதனால் ‘பாடு’ வைத்திருந்தார்கள். பாடு என்றால் முறை. நாளுக்கு நாலு குடும்பம், பத்து நாளுக்கு ஒருதரம் வலை. பாடு எழுதும் நோட்டில் கையெழுத்துப் போட்டவருக்கு முறை உண்டு. போடாதவர் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். போலீஸ் வேண்டாம், கோர்ட்டு வேண்டாம், அந்தக் கையெழுத்து போதும்.

ஆணையத்திலிருந்து இரண்டு பேர் ஆய்வுக்கு வந்தார்கள். இராணுவ ஆலோசகர் பீம்ராவ் ஒருவர், சுற்றுச்சூழல் ஆலோசகர் சுப்பராயன் இன்னொருவர். சென்னைக்குள்ளேயே இருக்கும் இடத்தைத் ‘தொலைதூரம்’ என்று எப்படிச் சான்றளிப்பது என்று இருவருக்கும் கவலையாக இருந்தது. டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் நின்ற பிறகு அந்தக் கவலை தீர்ந்தது. இதைவிட அந்தமானுக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கருணாகரன்தான் தன் படகில் அழைத்துப் போனார். பத்தாவது மனு பலித்துவிட்டது என்று மனதுக்குள் ஒரே குதூகலம். அப்படி ஒரு மனுவை அவர் இன்னும் எழுதக்கூட இல்லை.

பீம்ராவ் திட்டில் கால் வைத்தார். முழங்கால்வரை உள்ளே போனது.

“உறுதியான தளம்” என்றார்.

“இத்த எப்ப சார் அள்ளுவீங்கோ?”

“எதை?”

“இந்தச் சாம்பல் கலீஜத்தான்.”

சுப்பராயன் காதைப் பொத்திக்கொண்டார். “கருணாகரன், அப்படிச் சொல்லக்கூடாது. இது பவளம்.”

“சாம்பல் சார். கைல எட்த்துப் பாருங்கோ. எப்டி கீது?”

“வெளுத்திருக்கு. பருவநிலை மாற்றத்தால பவளம் எல்லாம் இப்படித்தான் வெளுத்துப்போகுது” என்றார் சுப்பராயன். சொல்லிவிட்டு அதைத் தடவிக் கொடுத்தார்.

அதற்குள் பீம்ராவ் ரேடாருக்கு இடம் பார்த்துவிட்டார். திட்டு முழுவதும் வருடம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் இராணுவத்துக்கே வேண்டும் என்றார். சுப்பராயன் ஆமைக்கு வேண்டும் என்றார்.

“எதிரிக் கப்பல் வந்தா ஆமையா தடுக்கும்?”

“உங்க ரேடாரா முட்டை போடும்?”

படகில் ஏறியும் சண்டை ஓயவில்லை, படகு ஆடியது. இருவரும் கைகலந்துவிடுவார்களோ என்று கருணாகரன் பயந்தே போனார். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுகிற பழக்கத்தில் நடுவே புகுந்தார்.

“இன்னாத்துக்கு சார் பேஜாரு? பாடு வெச்சுக்கோங்கோ. ஒரு நாளு இவுரு, ஒரு நாளு அவுரு. எங்கூர்ல நாப்பது பேரு அப்டித்தான் பொயச்சிக்கினு கீறோம்.”

நாலு நாடுகள் கூடி நாற்பது வருடம் பேசினாலும் தீராத இராணுவ, சுற்றுச்சூழல் முரண்பாடு அந்த இடத்திலேயே தீர்ந்தது. ஒற்றைத் தேதி பாதுகாப்பு, இரட்டைத் தேதி பசுமை. ‘பாரம்பரிய அறிவு’ என்று சுப்பராயன் கருணாகரனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கரைக்கு வந்ததும் ஆங்கிலத்தில் ஒரு தாளை எழுதி நீட்டினார்கள். உள்ளூர்க்காரர் கையெழுத்து வேண்டுமாம்.

கருணாகரனுக்குப் புல்லரித்தது. பாடு வைத்தால் கையெழுத்து, கையெழுத்துப் போட்டால் பாடு. தனக்கு மட்டும் முறை வாங்கிக்கொண்டு ஊரை விட்டுவிடுகிற ஆள் இல்லை அவர். வீடு வீடாக ஓடி மிச்சம் முப்பத்தொன்பது குடும்பத் தலைவர்களையும் இழுத்து வந்தார். பெயர், அப்பா பெயர், கதவு எண், கையெழுத்து என்று தாள் நிரம்பியது. இவ்வளவு ஒத்துழைப்பை இந்தியாவில் எங்குமே பார்த்ததில்லை என்றார் பீம்ராவ்.

கருணாகரனின் மனைவி பவுனம்மாளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

“இன்னா எயுதிக்கீதுன்னு பட்ச்சியாய்யா?”

“இங்கிலீசுல கீதுமே. கையெயுத்து போட்லன்னா நம்ம பேர வுட்டுடுவாங்கோ.”

“நம்ம நோட்ல போட்டா நம்ம பாடு. அவன் நோட்ல போட்டா யாரு பாடு?”

பொம்பளைகளுக்கு நிர்வாகம் புரியாது என்று கருணாகரன் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய முறை. வலையோடு போனால் திட்டைச் சுற்றி வேலி. துப்பாக்கியோடு ஒருவர் நின்றார். நாளைக்கு வரலாமா என்று கேட்டதற்கு, நாளை ஆமை நாள் என்றார். ஆமை வந்ததா என்றால், வேலி இருப்பதால் வரவில்லையாம்.

கருணாகரன் நேராக ராயபுரத்தில் இருந்த முகாம் அலுவலகத்துக்குப் போனார். பாடு வைத்த புண்ணியத்தில் சிநேகிதர்களாகிவிட்ட பீம்ராவும் சுப்பராயனும் ஒன்றாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்க பாடு எந்தத் தேதி சார்?”

“ஒற்றை அவருக்கு, இரட்டை எனக்கு. வேற தேதி இருந்தா நீங்களே சொல்லுங்க” என்றார் சுப்பராயன்.

“கொயா மட்டும் தெனம் சாம்பல ஊத்திக்கினு கீதே, அதுக்கு எந்தத் தேதி?”

“அது தீவுக்கு ஊட்டம். அதை நிறுத்தினா தீவு வளராது.”

“அப்ப எங்க நாப்பது பேரு கையெயுத்து?”

சுப்பராயன் தாளை எடுத்தார். நல்ல மனுஷர், தமிழிலேயே படித்துச் சொன்னார். “இத்தீவில் மனிதர் எவரும் வசிக்கவில்லை. எவரும் மீன் பிடிப்பதில்லை. எக்காலத்திலும் எவரும் வந்துபோனதில்லை. இதற்குச் சாட்சிகளாகிய நாங்கள், கீழே கையெழுத்திட்டவர்கள்...”

கருணாகரனுக்கு நாற்பது அடுப்பையும் அணைத்தது தன் வாயும் தன் காலும்தான் என்று தெரிந்தபோது அழுகையே வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“யாருமே வராத எடத்துக்கு நாங்க நாப்பது பேரு எப்டி சார் சாட்சி போட்டோம்? அப்ப நாங்க யாரு?”

பீம்ராவ் டீயைக் கீழே வைத்தார். முதல்முறையாகக் கருணாகரனை மரியாதையோடு பார்த்தார்.

“அதே சந்தேகம்தான் எங்களுக்கும். ‘ஆளில்லாத தீவில் நாற்பது பேர் ஊடுருவல்’னு மேலிடத்துக்கு எழுதிட்டோம். பேர், அப்பா பேர், கதவு எண் எல்லாம் அவங்களே கொடுத்திருக்காங்க.”