பாயின் மாவு மெஷினுக்கு நாற்பது பல்

பிடோக், சிங்கப்பூர்,
புதன்கிழமை.

பேரன்பிற்குரிய அண்ணன் மாசிலாமணி அவர்களுக்கு, தங்கை ரத்தினம்மா எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரரான உங்கள் மாப்பிள்ளையும் நலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் அண்ணியின் முழங்காலும் உங்கள் பட்டறையும் நலமா?

தீபாவளியன்று பத்துப் பேர் முன்னால் வீட்டில் நான் இரும்பு கடையும் சின்ன லேத்தைப் பார்த்து, "இது பென்சில் சீவுற மெஷின்" என்று சிரித்தீர்களே, இனி உங்களோடு பேசுவதில்லை என்று அன்றே சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் கடிதம் பேச்சில் சேராது.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ரொட்டிக் கடை வைத்திருக்கும் சாகுல் ஹமீது பாயின் மாவு பிசையும் மெஷின் போன வாரம் நின்றுவிட்டது. திறந்து பார்த்தேன். உள்ளே இருக்கும் வெண்கலப் பல்சக்கரத்தில் நாற்பது பல்லில் பதினொன்று காணவில்லை. மெஷினைச் செய்த கம்பெனியும் இப்போது இல்லை. வருகிற சனிக்கிழமை அவர் மகள் ருக்சாருக்குக் கல்யாணம். விருந்துக்கு அறுநூறு பரோட்டா தன் கையாலேயே போடுவதாகப் பாய் நேர்ந்துகொண்ட மாதிரி இருக்கிறார். போன வருஷம்தான் தோள்பட்டையில் ஆப்பரேஷன் ஆனது. அவ்வளவு மாவையும் கையால் பிசைந்தால் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கக்கூட அவருக்குக் கை எழும்பாது.

"வேற எங்கயாச்சும் ஆர்டர் குடுத்துடுங்களேன் பாய்" என்றேன்.

"எம் மக கல்யாணத்துல கடை ரொட்டியா?" என்றார்.

"நீங்க வெச்சிருக்கறதும் கடைதானே?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கிறதா? "ரெண்டே நாள்ல செஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

முதலில் ஆன்லைனில் தேடினேன். நாற்பது பல், வெண்கலம், படத்தில் தாம்பாளம் மாதிரி இருந்தது. வந்த பொட்டலத்தைப் பிரித்தால் சட்டைப் பொத்தான். அளவைப் படிக்காதது என் தப்புதான். சரி, வெண்கலம் வாங்கி நானே வெட்டிவிடலாம் என்று ஜாலான் புசாரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். சீனக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஹஸ்பண்ட் வாண்ட் ஆ?" ஹஸ்பண்டுக்கு ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது என்றேன். சிரித்தார். ஆனாலும், "கட்டிங் கெனாட் லா ஆன்ட்டி, மினிமம் ஒன் மீட்டர்" என்றார். துண்டு வெட்டித் தரமாட்டாராம், குறைந்தது ஒரு மீட்டர் கம்பி வாங்க வேண்டுமாம். நாலு அங்குலத் தடிமனில் ஒரு மீட்டர் என்றால் எழுபது கிலோ. உங்கள் மாப்பிள்ளையைவிட எட்டுக் கிலோ அதிகம். இவரையே வைத்துக்கொண்டு வீட்டில் இடமில்லை.

வெளியே வந்து வெயிலில் நடந்து சிராங்கூன் ரோட்டுக்கே வந்துவிட்டேன். ஒரு பாத்திரக்கடை வாசலில் வெண்கலப் பானைகள் வரிசையாக இருந்தன. உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பையிலிருந்து காலிப்பரை எடுத்து அடிப்பாகத்தை அளந்தேன். கடையிலிருந்த திலீப் என்ற பையன் ஓடி வந்தான்.

"எத்தனை பேருக்குப் பொங்கல் வைக்கணும் ஆன்ட்டி?"

"பொங்கல் இல்லப்பா. நாப்பது பல்லு வெட்டணும்."

அவன் கொஞ்சம் பின்வாங்கி, "மேல் மாடியில டென்டிஸ்ட் இருக்காரு ஆன்ட்டி, ரொம்ப நல்லவரு" என்றான். பானைகளோ எல்லாம் அப்பளக் கனம்தான். அத்தனையும் அளந்துவிட்டு வெறும் கையோடு வர வெட்கமாக இருந்ததால் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அதற்கும் ஒரு சீட்.

ஆகவே அண்ணா, இத்துடன் பல்சக்கரத்தின் வரைபடம் வைத்திருக்கிறேன். தங்கையாகக் கேட்கவில்லை. ஒரு வாடிக்கையாளராக உங்கள் பட்டறையில் ஆர்டர் கொடுக்கிறேன். முடியாது என்றாலும் பரவாயில்லை, சிரிக்க மட்டும் வேண்டாம். எனக்காக இல்லை, அந்த மனுஷனின் தோளுக்காக.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உங்களுக்கு வணக்கம் மட்டும்.

தங்கை,
ரத்தினம்மா

பி.கு.: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். இப்போதுதான் உங்கள் மாப்பிள்ளை ஜொகூரிலிருந்து முடி வெட்டிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமையும் அங்கேதான் முடி வெட்டினார். தலையில் இருப்பதே ஒன்பது முடி, வாரத்துக்கு இரண்டு தடவை எதற்கு என்று கேட்டேன். பையிலிருந்து நீங்கள் வெட்டிக் கொடுத்த பல்சக்கரத்தை எடுத்து மேசையில் வைத்தார். திங்கட்கிழமையே என் வரைபடத்தின் நகல் உங்கள் பட்டறைக்கு வந்துவிட்டதாம். எங்காவது குறை இருக்காதா என்று அரைமணி நேரம் அளந்தேன். பாவி அண்ணா, ஒரு மயிரிழை பிசகவில்லை. கீழே கொண்டுபோய் மாட்டியாகிவிட்டது. மாவு சுற்றுகிறது, பாய் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடத்தான் நினைத்தேன், நாலு பக்கம் எழுதிவிட்டதால் மனம் வரவில்லை. சனிக்கிழமை அண்ணியோடு கல்யாணத்துக்கு வாருங்கள், பாய் அழைக்கச் சொன்னார். நம் சண்டை இன்னும் தீரவில்லை. நேரில் வந்தால்தானே நான் பேசாமல் இருப்பது உங்களுக்குத் தெரியும்.